காலை வானொலியில் வந்த அந்தத் தோடி யாருடையது?

1. அரைத்தூக்கம் | திங்கள், காலை 7.12

எல்லோருக்கும் வணக்கம். இன்று காலை ஆறு மணி வாக்கில் வானொலியைப் போட்டேன். மங்கள இசை ஏற்கனவே ஆரம்பமாகி, நாதஸ்வரத்தில் தோடி ராகம் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து உட்கார வைத்துவிட்டது. முடியும்போது பெயர் சொல்வார்களே என்று காத்திருந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து யாரோ கதவைத் தட்ட, போய்த் திரும்பி வருவதற்குள் செய்தி ஆரம்பித்துவிட்டது. கைப்பேசியில் 40 விநாடி பிடித்து வைத்திருக்கிறேன்.

ராஜரத்தினம் பிள்ளையாக இருக்குமோ? எனக்குப் பெரிய ஞானமெல்லாம் கிடையாது. இரண்டு வருடமாகக் காலையில் கேட்டுக் கேட்டு வந்த ஆசை, அவ்வளவுதான். வாசித்தது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2. பழையதட்டு | திங்கள், காலை 8.05

நாதஸ்வரத்தில் தோடி என்றதும் ராஜரத்தினம் பிள்ளை என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அவருடைய தோடி ஆலாபனை இசைத்தட்டாக வந்து அவ்வளவு பெயர் வாங்கியது. ஆனால் அவர் காலமானது 1956 டிசம்பரில். இசைத்தட்டு என்றால் அது 78 சுற்றுத் தட்டு. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் இன்னும் சில விநாடி. ராகம் விரிந்துகொண்டே வந்து சட்டென்று நிற்கும், அப்புறம் மறுபக்கம் புதிதாக மூச்செடுத்துத் தொடங்கும். எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் அந்த ஒட்டு காதுக்குத் தெரியும். நீங்கள் கேட்டதில் அப்படி ஏதாவது இருந்ததா? கரகரப்பு இருந்ததா?

தட்டைத் தவிர அவருடைய கச்சேரிப் பதிவுகளும் சில ரசிகர்களிடையே சுற்றுகின்றன. அதனால் தட்டு இல்லை என்பதாலேயே அவர் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கேட்கிறீர்களே என்பதற்காக இன்னொன்றும் சொல்கிறேன். பழைய தட்டை நாடாவுக்கோ கணினிக்கோ மாற்றும்போது வேகம் தப்பினால் சுருதியும் தப்பும். ஆறு சதவீதம் கூட ஓடினால் அரைக் கட்டை, அதாவது ஆர்மோனியத்தில் அடுத்த கட்டைக்கு ஏறிவிடும். குரலின் கனம் போய்விடும், பிருகா என்கிற வேக ஸ்வரக் கோவை எல்லாம் மின்னல் வேகத்தில் கேட்கும். ஒரு பெரிய வித்வானின் பதிவை இப்படி ஒரு வருடம் ஏறின சுருதியிலேயே கேட்டு, ‘இவ்வளவு கீச்சுக் குரலா’ என்று ஒதுக்கி வைத்திருந்தேன். சரியான வேகத்தில் கேட்ட அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

3. சீவாளி | திங்கள், காலை 9.40

சுருதியைப் பாருங்கள் சார். அந்தக் காலத்து நாதஸ்வரம் திமிரி. குட்டையான வாத்தியம், உச்சமான சுருதி. நீளமான பாரி நாதஸ்வரத்தை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவரே ராஜரத்தினம் பிள்ளைதான். அவருக்குச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆச்சாரி. சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது, சுத்த மத்யமம் ஒழுங்காகப் பேச ஆரம்பித்தது. இன்றைக்கு எல்லோர் கையிலும் பாரிதான். அதனால் காதில் விழுந்தது திமிரி என்றால் பதிவு ரொம்பப் பழசு. பாரி என்றால் அவருக்கு அப்புறம் வந்த யாராகவும் இருக்கலாம்.

அடுத்தது பின்னால் விடாமல் ஒலிக்கும் ஆதார சுருதி. ஒத்து என்கிற குழலை ஊதுகிறார்களா, சுருதிப் பெட்டியா? ஒத்து என்றால் அதிலும் மூச்சு இருக்கும், லேசாக அலையும். மின்னணுப் பெட்டி அசையாமல் ஒரே கோடாக நிற்கும். அது பரவலானது 1980களுக்கு அப்புறம்தான்.

4. அரைத்தூக்கம் | திங்கள், மதியம் 1.20

பிடித்ததைத் திரும்பக் கேட்டேன். கரகரப்பு இல்லை. ஆதார சுருதி அசையவே இல்லை. தவில் ரொம்பத் தெளிவு, விரல் கூடு தோலில் படுகிற ‘ணங்’ தனியாகக் கேட்கிறது. அப்படியானால் ராஜரத்தினம் பிள்ளை இல்லை, இல்லையா? கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.

5. பழையதட்டு | திங்கள், மதியம் 1.48

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இல்லை. காருகுறிச்சி அருணாசலமும் இல்லை, அவர் 1964இல் போய்விட்டார். அவர் எப்படி ஊதுவார் என்று தெரிய வேண்டுமானால் 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போகும் அந்த ஆபேரி ராகப் பாட்டைக் கேளுங்கள். குரு ராஜரத்தினம் பிள்ளைதான். ஆனால் குருவிடம் இருக்கும் அதட்டல் சிஷ்யரிடம் குழைவாக மாறியிருக்கும். இது என் காதுக்குப் பட்டது, சண்டைக்கு வராதீர்கள்.

1980களுக்கு அப்புறம் என்றால் சேக் சின்ன மௌலானா, நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், திருவிழா ஜெயசங்கர் என்று தேட வேண்டியதுதான். மௌலானா ஆந்திரத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறியவர். 1999இல் காலமானார். அவருடைய தோடி பதிவுகளில் ஆரம்பியுங்கள்.

6. கடைசிவரிசை | திங்கள், இரவு 9.15

ஏன் சார், காலையில் வருவதெல்லாம் பெரிய பெயராகத்தான் இருக்க வேண்டுமா? வானொலியில் வாசிப்பவர்களைத் தேர்வுக் குழு கேட்டு பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் கொடுக்கிறது. பி-ஹையிலும் ஏயிலும் இருக்கிற நாதஸ்வரக்காரர்களில் எத்தனை பேர் தட்டு, கேசட், குறுந்தகடு என்று எதிலும் வராதவர்கள் தெரியுமா? கோயிலில் வாசிப்பார்கள், கல்யாணத்தில் வாசிப்பார்கள், அப்புறம் எப்போதாவது நிலையத்துக்குப் போய் அரை மணி நேரம் பதிவு செய்துவிட்டு வருவார்கள். அந்த அரை மணிதான் அவர்களுடைய ஒரே ஒலிப்பதிவு. பெரிய பெயரையே தேடினால் இவர்களைக் கண்டுபிடிக்கவே முடியாது.

7. நேரங்காலம் | திங்கள், இரவு 10.02

மன்னிக்கவும், ஒரு சந்தேகம். விடிகாலையில் தோடியா? மங்கள இசை என்றால் பூபாளம், பௌளி, மலயமாருதம், கொஞ்சம் வெயில் ஏறினால் பிலஹரி. எப்போதிலிருந்து இந்த வரிசையை விட்டார்கள்?

8. பழையதட்டு | செவ்வாய், காலை 6.50

கச்சேரி மேடையில் அந்த வரிசை போய் ரொம்ப நாளாயிற்று. மாலை ஆறரைக்கு உட்கார்ந்து பிலஹரி பாடுகிறார்கள், யாரும் எழுந்து போவதில்லை. இந்துஸ்தானியில்தான் வேளையை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். நமக்கு வேளைக் கணக்கு மிச்சமிருப்பது கோயில் நாதஸ்வரத்தில். பள்ளியெழுச்சிக்கு ஒன்று, சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று. வானொலியின் காலை நேரம் அந்த வழக்கத்திலிருந்து வந்தது. நிலையத்தில் பதிவு எடுத்தது ஒரு சாயங்காலமாகக்கூட இருக்கலாம். ஒலிபரப்புகிறவர் ராகம் பார்த்துப் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

9. நேரங்காலம் | செவ்வாய், காலை 7.30

போடுகிறவர் பார்த்துப் போட வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். பூபாளத்தைப் பகலில் கேட்டுப் பாருங்கள், அணைக்க மறந்த வாசல் விளக்கு மாதிரி இருக்கும்.

காலை வானொலியை வைத்துக் காதைப் பழக்க ஒரு வழி சொல்கிறேன். பூபாளம், பௌளி, ரேவகுப்தி மூன்றும் ஏறும்போது ச ரி க ப த ச. மூன்றிலும் ரிஷபமும் (ரி) தைவதமும் (த) சுத்தம், அதாவது தாழ்ந்த வகை. பூபாளத்தில் மட்டும் காந்தாரம் (க) தாழ்ந்தது, சாதாரண காந்தாரம். மற்ற இரண்டிலும் அதைவிட உயர்ந்த அந்தர காந்தாரம். பௌளி இறங்கும்போது ஒரு நிஷாதத்தை (நி) தொட்டுவிட்டு வரும், ரேவகுப்தி தொடாது. இந்த மூன்றையும் அறிவிப்பு இல்லாமல் பிரித்துவிட்டால், பாதிக் காலை உங்கள் கையில். அப்புறம் மலயமாருதத்தில் ரிஷபத்தை எடுத்துவிட்டால் வலஜி. அது வேறு வம்பு.

10. சபாநாற்காலி | செவ்வாய், காலை 11.10

வானொலிப் பதிவை வைத்து ஒரு வித்வானை எடை போடுவது சரியா என்றே எனக்குச் சந்தேகம். ஸ்டூடியோவில் கைதட்டல் கிடையாது, ‘சபாஷ்’ கிடையாது. எதிரே கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் கடிகாரம். ஆலாபனை எட்டு நிமிடத்தில் முடிய வேண்டும். மேடையில் அதே ஆள் அதே ராகத்தை நாற்பது நிமிடம் பாடி நம்மை அழ வைத்திருப்பார். மதுரை மணி ஐயரின் ஸ்வரத்துக்குச் சபையே சேர்ந்து சிரிக்கிற பதிவுகள் உண்டு. அந்தச் சிரிப்பை வெட்டினால் பாதிச் சங்கீதம் போய்விடும்.

11. கடைசிவரிசை | செவ்வாய், மதியம் 12.25

நாற்காலியாரே, கொஞ்சம் இறங்கி வாருங்கள். எட்டு நிமிடத்தில் ராகத்தைச் சொல்லி முடிப்பது சாமானியமா? முதல் பிடியிலேயே ராகம் தெரிய வேண்டும், ஒரு சங்கதி இரண்டு தடவை வரக் கூடாது. 78 சுற்றுத் தட்டுக்காரர்கள் மூன்று நிமிடத்தில் செய்ததும் அதுதான். வீணை தனம்மாள் 1930களில் கொடுத்த தட்டுகளைக் கேளுங்கள். அவருக்கு அப்போது அறுபது வயதுக்கு மேல், 1938இல் மறைந்துவிட்டார். ஒரு பக்கத்துக்குள் என்னென்ன வைத்திருக்கிறார்! நாற்பது நிமிடம் பாடுகிற எல்லோருக்கும் சொல்ல நாற்பது நிமிடத்துக்கு விஷயம் இருக்கிறது என்று நான் நம்பவில்லை.

அதோடு, வானொலி ஏதோ இரண்டாம்தர மேடை என்ற நினைப்பும் தப்பு. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி 1939இலும் தொடங்கின. அப்போதிருந்து பெரிய பெரிய வித்வான்கள் அங்கே பாடியது மட்டுமல்ல, வேலையும் பார்த்தார்கள். பாடகர்களில் செம்மங்குடி சீனிவாச ஐயர் இருந்தார், ஜி.என். பாலசுப்ரமணியம் இருந்தார். எஸ். ராஜம் சென்னை நிலையத்தில் பல வருடம் இருந்தவர். மேடையில் பலர் தொடப் பயந்த, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசும் விவாதி மேள ராகங்களை நிதானமாகப் பாடிக் காட்டியவர். அதெல்லாம் ‘சபாஷ்’ வாங்குகிற ராகங்களா?

12. சபாநாற்காலி | செவ்வாய், மதியம் 12.40

ராஜம் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். தனம்மாள் விஷயத்திலும்தான். மற்றதில் இல்லை.

13. வெண்கலத்தம்புரா | செவ்வாய், மாலை 5.55

தனம்மாள் பெயரை எடுத்ததால் வந்தேன். காலை வானொலியில் பிருந்தா-முக்தா பாடிய பதம் (மெதுவாகப் பாடும் காதல் பாட்டு) ஒன்று வந்தது. தனம்மாளின் பேத்திகள். அடுப்படியில் வேலையாக இருந்தேன். இவ்வளவு மெதுவாகப் பாடினால் யார் கேட்பார்கள் என்று முதலில் நினைத்தேன், முடிவதற்குள் கையில் இருந்த வேலை நின்றுபோயிருந்தது. இரண்டு குரல் என்று தெரியாமல் ஒரே குரல் அகலமாக ஒலிக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன் தம்பி அரைத்தூக்கம். (தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்.) பாடுகிறவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பிடியுங்கள். வயலினில் லால்குடி ஜெயராமன் வில், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் வில், டி.என். கிருஷ்ணன் வில் மூன்றும் பழகிவிட்டால் பெயர் சொல்லாமலே தெரியும். அந்த மேடை எந்தக் காலத்தது என்று அதிலிருந்தே பாதி ஊகித்துவிடலாம். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத் தொப்பியில் (கனமான பக்கத்தில்) வரும் கும்கி என்ற குமுறல் கேட்டால் பதிவு 1962க்கு முந்தியது, அந்த வருடம்தான் அவர் மறைந்தார். நாதஸ்வரம் என்றால் தவில். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975 வரைதான். வலையப்பட்டியார் என்றால் அதற்கு அப்புறமும் இருக்கலாம்.

ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். தேதி, ராகம், பக்கவாத்தியம், என் ஊகம். அறிவிப்பு வந்தபின் ஊகத்துக்குப் பக்கத்தில் சரியா தப்பா என்று குறிப்பேன். முதல் வருடம் முழுக்கத் தப்பு.

14. சீவாளி | செவ்வாய், மாலை 6.30

அம்மா சொல்வது நிஜம். தவில் காதில் ஏறிவிட்டால் எந்த நாதஸ்வர செட் என்று சொல்லிவிடலாம்.

15. கமகம் | செவ்வாய், இரவு 8.10

பதினான்கு பதிவு வந்துவிட்டது, இன்னும் அந்த 40 விநாடியை ஒருவரும் கேட்கவில்லை. இணைத்துவிடுங்களேன்.

16. அரைத்தூக்கம் | செவ்வாய், இரவு 8.34

இணைத்திருக்கிறேன். இன்று பகல் முழுக்க மௌலானாவின் தோடி, கிருஷ்ணனின் தோடி, இன்னும் கிடைத்த தோடி எல்லாம் கேட்டேன். எதுவும் ஒத்துவரவில்லை. எல்லாம் இதைவிடக் கனமாக இருக்கிறது.

(தம்பிதான் அம்மா.)

17. கமகம் | செவ்வாய், இரவு 9.20

நான்கு தடவை கேட்டேன். 11ஆவது விநாடியில் மேலே ஏறுகிற பிடியைக் கவனியுங்கள். ப நி ச. தைவதத்தைத் தொடவே இல்லை. 19இல் இன்னொரு தடவை கீழேயிருந்து ஏறுகிறார், நி ச க ம ப. ரிஷபம் இல்லை. இறங்கும்போது மட்டும் ச நி த ப ம க ரி ச என்று எல்லாம் வருகிறது, 26இலிருந்து 31க்குள்.

தோடியிலும் ஸ்வரத்தை விட்டுவிட்டு ஏறுவார்கள். ஆனால் அங்கே விடுவது பெரும்பாலும் பஞ்சமத்தை (ப), க ம த நி என்று. தைவதத்தைத் தள்ளி ப நி ச என்று மறுபடி மறுபடி ஏறினால் அது தோடி இல்லை. தன்யாசி.

தோடியின் பிள்ளைதான், எட்டாவது மேளத்து (தாய் ராகத்து) ஜன்யம். காந்தார அசைவு அதே வீட்டுச் சாயல், அதனால் ஏமாறுவது சகஜம். கனமாக இல்லை என்று உங்கள் காதே சொல்லிவிட்டது பாருங்கள்.

18. நேரங்காலம் | செவ்வாய், இரவு 9.26

தன்யாசி காலை ராகம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

19. பழையதட்டு | செவ்வாய், இரவு 9.31

ராகம் என்று நீங்கள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன், கேட்டுப் பார்க்காமலேயே ராஜரத்தினம் பிள்ளையின் வாழ்க்கை வரலாறு வரைக்கும் போய்விட்டேன். என் தப்பு.

20. அரைத்தூக்கம் | செவ்வாய், இரவு 10.05

உங்கள் தப்பா! தோடி என்று தலைப்பிலேயே போட்டது நான். அழித்துவிடலாமா என்று பார்த்தேன், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் முழுக்க தோடி கேட்டதில் ஒரு நன்மை, இப்போது அந்த ப நி ச வரும்போது உடம்பு சிலிர்க்கிறது. நேற்று அது எனக்குக் கேட்கவே இல்லை.

சரி, தன்யாசி. வாசித்தது யார்?

21. சீவாளி | செவ்வாய், இரவு 10.40

இப்போது உண்மையைச் சொல்லலாம், எனக்குத் தெரியவில்லை. பாரி, இரண்டு கட்டை, சுருதிப் பெட்டி. தவில்காரர் நன்றாக அடங்கி வாசிக்கிறார், ஆலாபனைக்கு நடுவே குறுக்கே வருவதில்லை. மௌலானா இல்லை, கிருஷ்ணன் இல்லை. செம்பனார்கோயில் பாணியும் இல்லை, அவர்களுடைய ரக்தி என்னும் வாசிப்பு வகையைக் கேட்ட காதுக்கு அது தெரிந்துவிடும். மூச்சு கொஞ்சம் இளசு. 27இல் வாயில் வைத்து ஊதும் சீவாளி ஒரு நொடி பிசிறடிக்கிறது, அதைத் திரும்ப எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கடைசிவரிசைக்காரர் சொன்ன அரை மணி நேரக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

22. கடைசிவரிசை | புதன், காலை 6.15

நிலையத்துக்கே எழுதிக் கேளுங்கள். தேதி, நேரம், ராகம் மூன்றையும் குறிப்பிட்டு ஒரு தபால். ஒலிபரப்புப் பட்டியலில் கலைஞர் பெயர் இருக்கும். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அவர் வாசித்ததை ஒருவர் எழுந்து உட்கார்ந்து கேட்டார் என்று அங்கே ஒரு காகிதமாவது இருக்கட்டும்.

23. சபாநாற்காலி | புதன், காலை 8.00

சம்பந்தமில்லாமல் ஒன்று. மங்கள இசைக்கு முன்னால் வருமே, அந்த ஆகாசவாணி முகப்பிசை, அது சிவரஞ்சனிச் சாயல். 1936இல் அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்ற ஐரோப்பியர். பம்பாயில் வந்து தங்கியவர். நம் காலையைத் தினமும் திறந்து வைத்தது அவர்தான் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

24. வெண்கலத்தம்புரா | புதன், காலை 9.12

அந்த இசையைக் கேட்டால் எனக்கு இன்னமும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றம்தான் வருகிறது.

அரைத்தூக்கம், காலையில் தவறவிட்டால் பகலிலும் கேட்கலாம். 2016 ஜனவரியிலிருந்து ‘ராகம்’ என்று ஆகாசவாணியின் சாஸ்திரிய இசை அலைவரிசை ஒன்று நாள் முழுக்க இருக்கிறது, கைப்பேசிச் செயலியிலேயே வருகிறது. கர்நாடகமும் இந்துஸ்தானியும் மாறி மாறி வரும். பழைய நிலையப் பதிவுகள் அங்கே எதிர்பாராமல் தலை நீட்டும்.

25. அரைத்தூக்கம் | வியாழன், காலை 7.40

தபால் போட்டுவிட்டேன். நோட்டும் வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் ‘தன்யாசி, நாதஸ்வரம், யாரோ’ என்று எழுதியிருக்கிறது.

இன்று செய்திக்கு அப்புறம் ஒரு வாய்ப்பாட்டு வந்தது. ரொம்பத் தாழ்ந்த சுருதி, காலப்பிரமாணம் நகரவே நகராத மாதிரி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்கு முன்னால் பெரிய மௌனம். எம்.டி. ராமநாதன் என்று என் ஊகம். ராகம் சஹானா என்று நினைக்கிறேன். 50 விநாடி பிடித்திருக்கிறேன். பக்கத்தில் வயலின் யார் என்றுதான் பிடிபடவில்லை.

26. கமகம் | வியாழன், காலை 7.52

இணையுங்கள். இந்த முறை ராகத்தைத் தலைப்பில் போடாதீர்கள்.